தர்ம வைத்தியமும் வரவு செலவும்

லாபத்தை நோக்காத வைத்தியசாலை ஒன்று நன்கொடையாளரின் தயவை மாத்திரம் நம்பாமல் நீடித்து நிலைத்திருக்க முடியுமா, அப்படி நிலைத்திருக்குமானால் அதைச் சுற்றியுள்ள ஜில்லாக்களின் ஜனங்களுக்கு அதனால் விளையும் நன்மை சர்க்கார் ஆஸ்பத்திரியாலோ தனியார் ஆஸ்பத்திரியாலோ விளையாத தனி நன்மையாக இருக்கிறதா என்னும் கேள்விகளை வெறும் தத்துவ விசாரணையாக அல்லாமல் நடந்த காரியங்களை வைத்துக்கொண்டு ஆராய விரும்புகிறவருக்குத் தமிழ்நாட்டைப் போன்ற வசதியான பிரதேசம் இந்தியாவில் அதிகம் இல்லை. வேலூரிலும் அடையாற்றிலும் மதுரையிலும், அவற்றைவிட மிகச் சிறிய அளவில் கூடலூரிலும் சித்தேரி மலையடிவாரத்துச் சிட்டிலிங்கியிலும், இந்தக் கேள்விகளுக்கு வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு காலங்களில் தங்கள் ஆயுளையே விடையாகக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுள் ஓர் ஊரோடு நின்றுவிடாமல் ஒரு பிரதேசம் முழுவதும் கிளைகளாகவும் சிறு நிலையங்களாகவும் பரவியது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. ஆகையால் அதை நடுவில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சௌகரியமாக இருக்கும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்யப்பட்ட ஓர் ஆஸ்பத்திரி செலவுக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. சம்பாதித்ததில் மிஞ்சியதைத் தனி மனிதர் எவரும் பங்கு போட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது என்றே சொல்லுகிறது. அதற்குப் பிரதியாக வருமான வரியில் விலக்கும் அளிக்கிறது. ஆகவே இத்தகைய ஸ்தாபனங்களைப் பரிசீலிக்கும்போது கட்டணம் வாங்குகிறார்களா என்று கேட்பதைவிட, வாங்கிய கட்டணத்தில் மிஞ்சியது யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்பதே பொருத்தமான பரீட்சையாகும்.

அரவிந்தை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-ஆம் வருஷம் எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரம் என்னும் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து 1944-இல் பட்டம் பெற்று, ராணுவ வைத்தியப் பிரிவில் சேர்ந்தார். பிரசவத்தில் உயிரிழந்த உறவுப் பெண்களை நினைத்துப் பிரசவ வைத்தியத்திலேயே தேர்ச்சி பெற விரும்பிய அவரைக் கொடிய மூட்டுவாதம் படுக்கையில் தள்ளி, விரல்களை நிரந்தரமாக முறுக்கிவிட்டது. அந்த விரல்களைக் கொண்டு கத்தி பிடிக்கப் பழகிக் கண் வைத்தியத்துக்கு வந்த அவர், மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் சிகிச்சைத் துறைத் தலைவராக இருந்து, தம் வாழ்நாளில் லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். 1976-இல் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், சகோதரி டாக்டர் ஜி. நாச்சியாரையும் அவருடைய கணவர் டாக்டர் பி. நம்பெருமாள்சாமியையும் உடன்பிறந்த மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். மூலதனம் திரட்ட வீட்டை அடகு வைத்தார்கள். குடும்பத்துப் பெண்களின் நகைகளும் போயின. தரைத் தளத்தில் கட்டணம் செலுத்திய நோயாளிகளிடமிருந்து வந்த பணத்தைக் கொண்டு மேல்தளம் எழும்பியது.

அதே 1976-இல்தான் மத்திய சர்க்காரும் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தது. இவ்விரண்டும் ஒரே வருஷத்தில் நிகழ்ந்தது தற்செயலாயிருக்கலாம். ஆனால் தேசத்தில் கண்புரையால் பார்வை இழந்தவர்களின் தொகை சர்க்கார் ஆஸ்பத்திரிகளால் மாத்திரம் தீர்த்துவிட முடியாத அளவுக்குப் பெருகியிருந்தது என்பதை இரண்டும் ஒருங்கே காட்டுகின்றன. பத்து நிமிஷச் சத்திர சிகிச்சையால் திரும்பப் பெறக்கூடிய பார்வையை இழந்து, திண்ணையில் உட்கார்ந்து, பிறர் கையால் சோறு வாங்கி உண்டு, ஒரு குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டதாகத் தன்னையே நொந்துகொண்டிருந்த முதியவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருந்தார்கள்.

அரவிந்தின் பொருளாதாரம் பார்ப்பதற்கு மிக எளியது. கட்டணப் பிரிவு, இலவசப் பிரிவு என்று இரண்டு உண்டு. வறுமைக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்த வாசல் வழியாக நுழைவது என்பதை நோயாளியே தீர்மானித்துக்கொள்ளுகிறார். கட்டணப் பிரிவில் கட்டிலும் தனி அறையும் உண்டு. 1984-இல் தனிக் கட்டடமாகவே எழுந்த இலவசப் பிரிவில் பெரும்பாலும் வரிசையாக விரித்த பாய்கள்தாம். கட்டணம் செலுத்துகிறவர் மடித்துச் செருகும் உயர்ந்த ரக லென்ஸையும் இயந்திர முறைச் சிகிச்சையையும் தேர்ந்தெடுக்கலாம். மற்றவருக்குச் சிறு துளையிட்டுக் கையால் செய்யும் முறை. ஆனால் வைத்தியர்கள் இரு பிரிவுகளுக்கும் முறை மாற்றி அனுப்பப்படுகிறார்கள். இந்த வாரம் கட்டணப் பிரிவில் கத்தி பிடித்த கை மறுவாரம் பாயில் படுத்தவருக்கும் பிடிக்கிறது. இந்த ஏற்பாட்டில்தான் அந்த ஸ்தாபனத்தின் தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பாய்க்கும் கட்டிலுக்கும் உள்ள வித்தியாசத்தை நியாயமுள்ள எந்த ஏழையும் பொறுத்துக்கொள்வான். தன் கண்ணுக்கு இரண்டாந்தர வைத்தியன் அனுப்பப்பட்டான் என்பதை எந்த மனிதனும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இது எப்படிக் கட்டுபடியாகிறது என்று கேட்டால், விடை சத்திர சிகிச்சைக் கூடத்துக்குள்ளே கிடைக்கும். ஒரு வைத்தியருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் அவர் சிகிச்சையை முடிக்கும்போது மற்றொன்றில் அடுத்த நோயாளி மருந்திட்டு, கண்ணைச் சுற்றித் துணி போர்த்தித் தயாராக இருக்கிறார். வைத்தியர் தம் நாற்காலியைத் திருப்பிக்கொள்ள, நுண்ணோக்கியும் அந்தப் பக்கம் திரும்புகிறது. கண்ணைத் துடைப்பது, உபகரணங்களை எடுத்துக் கொடுப்பது, கட்டுப் போடுவது முதலிய காரியங்கள் அனைத்தையும் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்ளுவதால், நிபுணரின் கை நிபுணர் மாத்திரமே செய்யக்கூடிய வேலையில் மாத்திரம் செலவாகிறது. இந்தியக் கண் வைத்தியர் ஒருவர் வருஷத்துக்குச் சராசரியாக 400 அளவில் சிகிச்சை செய்வதாகவும், அங்குள்ளவர் 2000 வரையில் செய்வதாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள். வேகம் மிகுந்தால் தரம் குறையுமென்று அஞ்சுவது இயல்புதான். அந்த அச்சத்துக்கு அவர்கள் வாய்ச்சொல்லால் சமாதானம் கூறாமல், சிகிச்சைக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிக்கும் கேட்டைப் பற்றித் தங்கள் சொந்தக் கணக்கையே வெளியிட்டார்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளைப் பரிசீலித்து 2017-இல் பிரசுரமான ஆய்வில், சிகிச்சையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தும் வழக்கத்தால் அந்தக் கேடு 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது என்று காட்டினார்கள். தன் கேடுகளை எண்ணி உலகறியச் சொல்லும் ஆஸ்பத்திரியை நம்பலாம்.

இலவசப் பிரிவுக்கு நோயாளிகளைக் கொண்டுவரும் கண் முகாம் என்பதைப் பார்க்காதவர்களுக்காக அதைச் சற்று விவரிக்க வேண்டும். ஏதேனும் ஒரு கிராமத்தில், உள்ளூர் லயன்ஸ் சங்கமோ கோயில் கமிட்டியோ மில் முதலாளியோ நோட்டீஸ் அச்சடித்து, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மூன்று நாள் முன்னதாக ஊர் ஊராகச் சொல்லி அனுப்ப, குறித்த நாளன்று காலையிலேயே பள்ளிக்கூட மைதானத்தில் ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பெயர் எழுதும் மேஜை ஒன்று. சுவரில் எழுத்துப் பலகை. எழுத்துத் தெரியாதவருக்கு விரல்களை மடக்கி நீட்டிக் காட்டுகிறார்கள். கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் வரிசையாகப் பார்த்து, கடைசியில் வைத்தியர் டார்ச்சை அடித்துப் புரை முற்றியிருக்கிறதென்று சொன்னால், எந்தக் கண் என்பதில் குழப்பம் நேராதபடி அந்தக் கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்புகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் புறப்படுகிறது. மாற்றுப் புடைவை ஒன்றும் வெற்றிலைப் பையும் கொண்ட மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வீதிக்காரியின் தோளைப் பற்றியபடி படியேறும் கிழவிக்குத் துணைக்கு ஆள் தேவையில்லை; பஸ் முழுவதும் அவள் ஊரார்தாம். மகனுக்குக் கூலி போகவில்லை, மருமகளுக்கு வீட்டு வேலை கெடவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக எல்லாரும் ஒன்றாகத் திரும்புகிறார்கள்; ஒரு மாதத்துக்குப் பின் அதே ஊரில் மறு பரிசோதனை.

முற்காலத்தில் சிகிச்சையையும் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுச் செய்ததுண்டு. கிருமித் தொற்றின் அபாயத்தை முன்னிட்டு அதை நிறுத்தி, பரிசோதனை கிராமத்தில், சிகிச்சை ஆஸ்பத்திரியில் என்று பிரித்தது பெரிய முன்னேற்றம். அதைவிடப் பெரியது லென்ஸ் விஷயம். புரையை லென்ஸோடு எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டி அனுப்புவதே அந்நாளைய வழக்கம். அந்தக் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மனிதன் மறுபடியும் குருடன். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் மேல்நாடுகளில் பரவிய பிறகும், ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்ததால், பணக்காரனுக்கு லென்ஸ், ஏழைக்குத் தடித்த கண்ணாடி என்ற பேதம் நேர்ந்தது. வெளிநாட்டு நன்கொடை லென்ஸ்களை நம்பிக்கொண்டிராமல், அமெரிக்காவின் சேவா பவுண்டேஷனும் டேவிட் கிரீனும் துணைபுரிய, 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையை ஏற்படுத்தி, விலையைப் பத்து டாலர் அளவுக்கும் பின்னர் அதற்கும் கீழாகவும் இறக்கினார்கள். இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. மதுரைச் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் தலைக்கு உறையும் வாய்க்குத் துணியும் கட்டி அமர்ந்து மெருகேற்றிய லென்ஸ், எந்தத் தேசத்து ஏழையின் கண்ணிலோ இருக்கிறது என்பதைத் தமிழர் பெருமையோடு நினைக்கலாம்.

இந்தப் பெண்களைப் பற்றித் தனியே சொல்லாமல் இந்த ஆராய்ச்சி பூர்த்தியாகாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் உதவித்தொகையோடு பயிற்சி அளித்து, பரிசோதனை, சத்திர சிகிச்சை உதவி, கண்ணாடி அளவு, ஆலோசனை என்று பிரித்து அமர்த்துகிறார்கள். நோயாளிகள் அவர்களை சிஸ்டர் என்று அழைக்கிறார்கள். ஊழியர்களில் பெரும் பகுதி அவர்களே. ஒரு பிரதேச ஆஸ்பத்திரி தன் ஜில்லாவுக்குச் செய்யும் உபகாரத்தில், கண்ணைக் கொடுப்பதற்கு அடுத்தபடியாக இதை வைப்பேன். வயலையும் தீப்பெட்டி ஆபீசையும் தவிர வேறு வேலை தெரியாத குடும்பங்களிலிருந்து வந்த பெண்ணுக்கு ஒரு வித்தையும் மாதச் சம்பளமும் ஊரில் ஒரு மதிப்பும் கிடைக்கின்றன. ஆனால், கலியாணமானதும் அவர்களில் பலர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதையும், பெரிய வைத்தியர்களின் பெயரைப் பேசும் சரித்திரங்களில் இவர்களின் பெயர் வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லாத் தர்ம ஆஸ்பத்திரிகளிலும் செலவு குறைவாயிருப்பதற்குப் பெண்களின் சம்பளம் குறைவாயிருப்பது எவ்வளவு தூரம் காரணம் என்பது கூச்சமில்லாமல் கேட்கப்படவேண்டிய கேள்வி.

மற்றொரு குறையை அரவிந்தே கண்டுபிடித்துக்கொண்டது. முகாம்களுக்கு நல்ல பெயர் கிடைத்து, கூட்டமும் நிறைந்திருந்த காலத்தில், கிராமங்களில் கண் கோளாறு உள்ளவர்களில் எத்தனை பேர் உண்மையில் முகாமுக்கு வருகிறார்கள் என்று விசாரித்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வின்படி, வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேரே. வந்தவர்களைக் கண்டு மகிழ்ந்திருந்த ஸ்தாபனம் வராத தொண்ணூற்று மூன்று பேரைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதன் பலனாக, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்கள் ஏற்பட்டன. கடைவீதியில் இரண்டொரு அறைகள். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பரிசோதித்து, படமெடுத்து, கணினி வழியாக நகரத்து வைத்தியருக்குக் காட்டி, நோயாளியை அவரோடு பேசவும் செய்து, கண்ணாடியானால் அங்கேயே கொடுத்து அனுப்புகிறார். பெரும்பாலோருக்கு அதோடு காரியம் முடிந்துவிடுகிறது. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிஞ்சுகின்றன. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி, சென்னை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் எழுந்ததைவிட, நூறைத் தாண்டிவிட்ட இந்தச் சிறு மையங்களையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த முறையை எல்லா வியாதிகளுக்கும் அப்படியே பொருத்திவிடலாம் என்று சிலர் நம்புவதை மறுக்கவேண்டியிருக்கிறது. கண்புரை ஒரு விசேஷமான வியாதி. ஒரே தடவை, சில நிமிஷம், ஒரே விதமான சிகிச்சை, கண்கூடான பலன். புற்றுநோய் அப்படியல்ல. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருஷம் பாடுபட்டு 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு நிறுவிய புற்றுநோய் ஆஸ்பத்திரியை, அவர் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் வளர்த்த வரலாறு இதை நன்கு காட்டுகிறது. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். கதிர்வீச்சு இயந்திரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவு. மருந்தோ பிறர் உற்பத்தி செய்வது. கட்டணம் செலுத்த வந்தவரும் பாதியில் ஏழையாகிவிடுகிறார். ஆகவே அங்கே நன்கொடையும் சர்க்கார் மானியமும் இல்லாமல் தீராது. அந்த வளாகத்திலேயே ஓர் அறையில் வாழ்ந்து 2021-இல் மறைந்த சாந்தா அம்மையார் போன்றவரின் தியாகத்தையும் எந்த வரவு செலவுக் கணக்கிலும் எழுத முடியாது.

வேலூரின் கதை வேறு. 1900-இல் மிஷனரி வைத்தியர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1902-இல் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரியும், 1906 முதல் மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டாரிலும் சென்று சாலையோர மரத்தடியில் மருந்து கொடுக்கும் வழக்கமும், 1918-இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் ஏற்படுத்தினார். இன்று அதன் கீர்த்தி வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், பங்களாதேஷ் வரையில் எட்டியிருக்கிறது; ஆஸ்பத்திரியைச் சுற்றிய வீதிகளில் வங்காளி எழுத்துப் பலகைகளும் மீன் சோற்றுக் கடைகளும் நிறைந்திருப்பதைப் பார்ப்பவர், இது வேலூர் ஜில்லாவின் ஆஸ்பத்திரிதானா என்று ஐயுறலாம். அந்த ஐயத்துக்குச் சமாதானம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களிலும், 1977 முதல் கே.வி. குப்பத்தில் நடந்துவரும் கிராமநல வேலையிலும் இருக்கிறது. கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சுகாதாரப் பணிப்பெண்களும், மத ஸ்தாபனங்களின் ஆதரவில் படித்துப் பின்னர் தூரத்துச் சிற்றூர் ஆஸ்பத்திரிகளில் சேவைக் கடன் தீர்க்கும் இளம் வைத்தியர்களும் வேலூரின் உண்மையான கிளைகள்.

நோயாளி நோயுற்ற பிறகு பணம் தேடாமல், சௌக்கியமாயிருக்கும்போதே வருமானத்துக்கேற்பச் சிறு தொகை செலுத்தி வைக்கும் யோசனையை, 1958-இல் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி சென்னையில் தொடங்கிய வாலண்டரி ஹெல்த் சர்வீஸஸ் முன்னோடியாகக் கையாண்டது. கூடலூரில் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் முதலிய ஆதிவாசிகளுக்காக 1990-இல் எழுந்த ஆஸ்பத்திரி இரண்டே வருஷத்தில் அவர்களுக்கென்றே காப்பீட்டு ஏற்பாட்டையும் செய்தது. தர்மபுரி ஜில்லாச் சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கி, அந்தப் பள்ளத்தாக்கின் பெண்களையே தாதிகளாகப் பழக்கினார்கள். பிறகு, வியாதிக்குக் காரணம் வயலிலும் வருமானத்திலும் இருப்பதைக் கண்டு, இயற்கை விவசாயிகளின் சங்கமும் லம்பாடிப் பெண்களின் தையல் கைவினையும் எழத் துணைபுரிந்தார்கள். அளவில் மதுரைக்கு முன் இவை சிறியவை. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் உள்ள உறவு இவற்றில்தான் மிக நெருக்கமாக இருக்கிறது.

இந்த ஸ்தாபனங்களைப் புகழும்போது சர்க்காரை மறந்துவிடுவது அநியாயம். ஆரம்ப சுகாதார நிலையங்களும், 1990-களின் நடுவிலிருந்து மருந்துகளை மொத்தமாக வாங்கி விநியோகிக்கும் மருத்துவப் பணிகள் கழகமும் இல்லாத தமிழ்நாட்டில் எந்த டிரஸ்டும் தனியே இவ்வளவு செய்திருக்க முடியாது. முகாம் சிகிச்சைகளுக்குச் சர்க்கார் தலைக்கு இவ்வளவு என்று மானியமும் கொடுத்து வந்திருக்கிறது. 2009 முதல் வந்த சர்க்கார் காப்பீட்டுத் திட்டங்கள் நிலைமையை மாற்றியிருக்கின்றன. அட்டை வைத்திருக்கும் ஏழை திட்டத்தில் சேர்ந்த எந்த ஆஸ்பத்திரியிலும் நுழையலாம் என்பது அவனுக்குப் பெரிய கௌரவம். ஆனால் அட்டை கொடுக்கும் பணம் சிகிச்சை பெற்றவனுக்காக வருகிறதேயன்றி, ஆஸ்பத்திரிக்கே வராதவனைத் தேடிப் போவதற்காக வருவதில்லை. தேடிப் போகும் காரியத்தைச் சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும்தான் செய்ய முடியும். அதைக் கைவிட்டு, கட்டணப் பிரிவை மாத்திரம் வளர்த்துக்கொண்டு, வரிச் சலுகையையும் அனுபவிக்கும் டிரஸ்டுக்கு லாப ஆஸ்பத்திரியைவிட உயர்ந்த ஸ்தானம் கிடையாது.

ஆகையால் அறநிலை ஆஸ்பத்திரிகள் அனைத்தும், சென்ற வருஷம் எத்தனை பேருக்கு இலவசமாகச் சிகிச்சை செய்தோம், எத்தனை பேரைப் பணமில்லாமையால் திருப்பி அனுப்பினோம், எத்தனை சிகிச்சைகள் கெட்டன, ஊழியப் பெண்களுக்கு என்ன சம்பளம் கொடுத்தோம் என்பவற்றைத் தமிழில் அச்சிட்டு, வாசலில் ஓ.பி. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். ஆங்கில அறிக்கைகள் நன்கொடையாளருக்குப் போதும். ஜில்லாவின் ஜனங்களுக்குப் போதா. வாசகர்கள் தங்கள் ஊரிலுள்ள டிரஸ்ட் ஆஸ்பத்திரியிடம் இந்தக் கணக்கை மரியாதையோடு கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்.